எங்கள் ஆபீஸ் சிப் ட்ரங்க்: ஒன்றரை வருடம் ஓட்டிய பிறகு

பம்ப் கம்பெனி ஒன்றின் சர்வீஸ் டெஸ்க்குக்கு நெட்வொர்க், ஃபோன், சிசிடிவி என்று வயர் போகிற எல்லாவற்றையும் பார்த்துக்கொள்பவன் நான். கோயம்புத்தூர், 0422 நம்பர், ஒரே நேரத்தில் 30 பேர் பேசலாம், கூப்பிடுபவர்களில் பாதிப்பேர் விவசாயிகள், மீதிப்பேர் டீலர்கள். சிப் (SIP) ட்ரங்க் என்பது ஆபீஸ் ஃபோன் அழைப்புகளைப் பழைய டெலிஃபோன் லைனுக்குப் பதிலாக ஐபி, அதாவது டேட்டா லைன், வழியாகக் கொண்டுவரும் சேவை. அதற்கு மாறி இரண்டாவது கம்பெனியில் இருக்கிறோம், அந்தக் கம்பெனியைப் பற்றித்தான் இந்த விமர்சனம். பேர் போடப்போவதில்லை. முதல் கம்பெனியின் பேரும் கிடையாது. ரின்யூவல் பேச வேண்டிய நேரத்தில் எனக்கு எதற்கு வம்பு. மார்க் மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஐந்துக்கு மூன்றரை. அந்த மூன்றரையில் மூன்று, ராத்திரியில் ஃபோன் எடுத்த ஒரு ஆளுக்கும் ரேக்கில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெட்டிக்கும்.

முன்பு பிஆர்ஐ லைன் இருந்தது. 2 எம்பி ஓடும் ஒரு செம்பு லைன், உள்ளே 32 தடம், 30 பேச்சுக்கு, ஒன்று நேரம் பிடிக்க, ஒன்று சிக்னலுக்கு. மழை பெய்தால் இரையும், ஆனால் பாதுகாப்பு என்று யோசிக்கவே வேண்டியதில்லை, ஏனென்றால் அந்த லைனை ஒட்டுக்கேட்க ஒருவன் நேரில் வந்து கம்பத்தில் ஏறியாக வேண்டும். ஐபிக்கு வந்ததும் கதை மாறியது. உலகத்தில் எங்கிருந்து வேண்டுமானாலும் கதவைத் தட்டலாம். தட்டினார்கள்.

முதல் கம்பெனியிடம் ட்ரங்க் எடுத்தபோது சேல்ஸ் ஆள் நிமிடக் கட்டணத்தைப் பற்றி மட்டும்தான் பேசினார். நாங்களும் அதை மட்டும்தான் கேட்டோம். ஆஸ்டரிஸ்க் என்ற மென்பொருளைப் போட்டு ஒரு பழைய சர்வரில் நானே பிபிஎக்ஸ், அதாவது ஆபீஸ் எக்ஸ்சேஞ்ச், கட்டினேன். சேல்ஸ் மேனேஜர் வீட்டிலிருந்து லேப்டாப்பில் பேச வேண்டும் என்றார், சரி என்று சிப் அழைப்புகள் நுழையும் 5060 போர்ட்டை இன்டர்நெட் பக்கம் திறந்துவிட்டேன், அவருடைய எக்ஸ்டென்ஷன் 1001, பாஸ்வேர்டும் 1001. நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இதை எழுதும்போதே கூச்சமாக இருக்கிறது, ஆனால் சொல்லாமல் விட்டால் விமர்சனம் ஒருதலைப்பட்சமாகிவிடும்.

சனிக்கிழமை ராத்திரி பதினொரு மணிக்கு ஆரம்பித்திருக்கிறார்கள். லாக்கைப் பிறகு பார்த்தபோது மூன்று நாளாகவே 'ஃப்ரெண்ட்லி ஸ்கேனர்' என்ற பேரில் ஏதோ ஒன்று 100, 101, 102 என்று எக்ஸ்டென்ஷன் நம்பர்களை வரிசையாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்தது. சிப்விஷியஸ் என்று ஒரு டூல் இருக்கிறது, பாதுகாப்பைச் சோதிப்பதற்காக எழுதியது, அது தன்னை இந்தப் பேரில்தான் அறிமுகப்படுத்திக்கொள்ளும். பேரை மாற்றக்கூட மெனக்கெடாதவர்கள்தான் பெரும்பாலும் இதை வைத்துத் திருடுகிறார்கள். 1001-ஐப் பிடித்ததும் எங்கள் ட்ரங்க் வழியாக வெளிநாட்டு பிரீமியம் நம்பர்களுக்கு அழைப்பு மேல் அழைப்பு. அந்த நம்பருக்குப் போகும் ஒவ்வொரு நிமிடத்திலும் நம்பர் வைத்திருப்பவனுக்குப் பங்கு உண்டு, அதுதான் இந்தத் தொழிலின் சூட்சுமம். திங்கட்கிழமை பத்தரைக்குக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டு, 'சார், உங்கள் யூசேஜ் கொஞ்சம் அதிகமாக இருக்கிறது, பிளான் மாற்றிக்கொள்கிறீர்களா?' என்று கேட்டார். பில் ஒன்றே முக்கால் லட்சம்.

தப்பு பாதி என்னுடையது, ஒத்துக்கொள்கிறேன். மீதிப் பாதி அவர்களுடையது. ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் பூட்டியிருக்கும் ஒரு பம்ப் கம்பெனி முப்பது சேனலிலும் விடிய விடிய வெளிநாட்டுக்குப் பேசுகிறது, அதைப் பார்த்து யாருக்கும் ஒரு சந்தேகம்கூட வரவில்லை. இது புதுத் திருட்டும் இல்லை. அமெரிக்காவில் எட்வின் பேனா என்று ஒரு ஆள் மற்ற கம்பெனிகளின் நெட்வொர்க் வழியாகத் திருட்டுத்தனமாக அழைப்புகளை அனுப்பி ஒரு கோடி நிமிடத்துக்கு மேல் விற்று, 2006-இல் கைதாகி, ஜாமீனில் ஓடி, மெக்சிகோவில் பிடிபட்டு, 2010-இல் பத்து வருடம் தண்டனை வாங்கினார். அத்தனை வருடத்துக்குப் பிறகும் ஒரு சர்வீஸ் கம்பெனி செலவுக்கு வரம்பு வைக்காமல் ட்ரங்க் விற்கிறது என்றால் என்ன சொல்வது. முதலாளி என்னைத் திட்டவில்லை. 'பில்லை ஃபிரேம் போட்டு உன் டேபிளில் வை' என்றார், அவ்வளவுதான். அது இன்னும் மோசம்.

புதுக் கம்பெனிக்காரர்கள் வந்தபோது நிமிடக் கட்டணத்தைக் கடைசியில்தான் கேட்டேன். முதல் கேள்வி, ஐஎஸ்டி எப்படி? மூடித்தான் இருக்கும், எந்த நாட்டுக்கு வேண்டுமோ எழுதிக் கொடுத்தால் அதை மட்டும் திறப்போம் என்றார்கள். இலங்கை, கென்யா, துபாய் போதும் என்று எழுதிக் கொடுத்தோம். ஒரு நாளைக்கு மூவாயிரம் ரூபாய்க்கு மேல் போனால் வெளிநாட்டு அழைப்பு தானாக நிற்கும், என் மொபைலுக்கு எஸ்எம்எஸ் வரும். வாயால் சொன்னதை நம்பாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்கிரிப்ட் எழுதி ஒரே நேரத்தில் நாற்பது அழைப்பு விட்டுப் பார்த்தேன். முப்பது போயிற்று, 31-வதிலிருந்து எல்லாவற்றுக்கும் 503, அதாவது 'சேவை இப்போது கிடைக்காது', என்று பதில். பத்து நிமிடத்தில் அவர்கள் ஆள் ஒருவர் கூப்பிட்டு, 'சார், உங்கள் பக்கம் ஏதாவது டெஸ்டிங் நடக்கிறதா?' என்றார். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு! அந்த நிமிடத்திலேயே முதல் மார்க்கைப் போட்டுவிட்டேன்.

இதையெல்லாம் செய்வது ஒரு பெட்டி. செஷன் பார்டர் கண்ட்ரோலர், தொழிலில் எஸ்பிசி என்போம். அவர்கள் பக்கம் பெரியது ஒன்று, எங்கள் ரேக்கில் சின்னது ஒன்று, ஒரு டிபன் கேரியரைப் படுக்கப்போட்ட அளவு. நான் அதற்கு எல்லைச்சாமி என்று பேர் வைத்திருக்கிறேன், ஊருக்குள் போகிறவன் வருகிறவன் எல்லோரும் அய்யனாரைத் தாண்டித்தானே போக வேண்டும். சிப் என்ற நெறிமுறையின் இன்றைய வடிவம் 2002 ஜூனில் ஆர்எஃப்சி 3261 என்ற இன்டர்நெட் தர ஆவணமாக வெளிவந்தபோது அதில் இப்படி ஒரு பெட்டியே கிடையாது. இரண்டு முனைகளும் நேராகப் பேசிக்கொள்ளும், நடுவில் இருப்பவன் வழிகாட்டினால் போதும் என்பதுதான் அன்றைய எண்ணம். சர்வீஸ் கம்பெனிகள் அதை ஏற்கவில்லை. அவர்களுக்குத் தங்கள் உள்நெட்வொர்க்கின் முகவரி வெளியே தெரியக் கூடாது, ஒரு வாடிக்கையாளர் எத்தனை அழைப்பு விடலாம் என்பது தங்கள் கையில் இருக்க வேண்டும், பில் போடக் கணக்கு வேண்டும், போலீஸ் சட்டப்படி கேட்டால் கொடுக்க வழி வேண்டும். அதனால் வருகிற அழைப்பை எல்லையிலேயே முடித்து, மறுபக்கம் புது அழைப்பாகத் திறக்கிற பெட்டியை வைத்துவிட்டார்கள். சுத்தபத்தம் பார்ப்பவர்கள் முணுமுணுத்தார்கள், பெட்டி ஊர் முழுக்கப் பரவியது, கடைசியில் 2010-இல் இந்தப் பெட்டிகள் ஏன் வந்தன, என்னென்ன செய்கின்றன, எதையெல்லாம் கெடுக்கின்றன என்று ஆர்எஃப்சி 5853 போட்டு எழுதிவைத்தார்கள்.

நடுவில் நின்று முகவரியைத் திருத்தும் பெட்டி என்ன கெடுக்கும் என்பதையும் பார்த்துவிட்டோம். மாறிய முதல் வாரம் ரிசப்ஷன் அக்கா வந்து, 'தம்பி, உள்ளே வர்ற கால் எல்லாம் அரை நிமிஷத்துக்கு மேல நிக்கவே மாட்டேங்குது. உடுமலைக்காரர் மூணு தடவை கூப்பிட்டுட்டார். மோட்டார் சுத்துது, தண்ணி ஏறலைன்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள கட்டாயிடுது' என்றார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். குரல் இரண்டு பக்கமும் தெளிவாக இருக்கிறது, இரைச்சல் இல்லை, சரியாக 32 வினாடியில் கட். அடுத்த அழைப்பும் 32. அதற்கடுத்ததும் 32. நாங்கள் வெளியே கூப்பிட்டால் எத்தனை நேரம் வேண்டுமானாலும் பேசலாம்.

இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு 32 என்றதுமே மண்டைக்குள் மணி அடிக்கும். அழைப்பு வருகிறது, நம் பக்கம் எடுத்ததும் '200 ஓகே' என்று பதில் போகிறது, அது கிடைத்தது என்று அந்தப் பக்கத்திலிருந்து 'ஆக்' என்று ஒரு சின்னத் தாக்கல், அதாவது செய்தி, வர வேண்டும். வராவிட்டால் நம் பக்கம் அரை வினாடி, ஒன்று, இரண்டு, நான்கு என்று இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்ப 200 ஓகே அனுப்பும், அரை வினாடியின் 64 மடங்கு முடிந்ததும், அதாவது 32 வினாடியில், சலித்துப்போய் அழைப்பையே வெட்டிவிடும். குரல் தனி வழியில் ஓடுவதால் பேசுகிறவர்களுக்கு எந்த அறிகுறியும் தெரியாது. கம்பெனியில் புகார் கொடுத்தேன். மூன்று நாள் 'எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது' என்றே பதில். பகலில் புகாரை வாங்குபவர்கள் ஒரு தாளைப் பார்த்துப் படிக்கிறார்கள், அதைத் தாண்டி ஒரு அடி வரமாட்டார்கள்.

நான்காம் நாள் ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கூப்பிட்டேன். எடுத்தவருக்கு மதுரைப் பக்கத்துப் பேச்சு, பேர் கேட்டதில்லை. 'சார், உங்க பெட்டியில டிரேஸ் போட்டுட்டு எனக்கு ஒரு கால் கொடுங்க, நானும் இங்க போடுறேன்' என்றார். போகிற வருகிற சிப் தாக்கல்களைத் திரையில் காட்டும் எஸ்என்கிரெப் என்ற டூலை இரண்டு பேரும் திறந்து வைத்துக்கொண்டோம். என் திரையில் 200 ஓகே பத்துத் தடவை வரிசையாகப் போகிறது, ஆக் ஒன்றுகூட இல்லை. அவர் திரையில் ஆக் போகிறது, ஆனால் ஊரில் இல்லாத ஒரு முகவரிக்கு. நடுவில் அவர்களே வைத்த ரூட்டர் இருந்தது, அதில் சிப் ஏஎல்ஜி என்ற வசதி ஆனில் இருந்திருக்கிறது. உதவி செய்கிறேன் பேர்வழி என்று தாக்கலுக்குள் இருக்கும் முகவரியைத் திருத்தி எழுதும் சமாச்சாரம் அது, திருத்தும்போது தப்பாக எழுதிவிட்டது. அதை ஆஃப் செய்தார். மறுபடி கூப்பிட்டோம், 32 தாண்டியது, 40 ஆயிற்று, இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் ஒரு நிமிடம் வரைக்கும் லைனில் இருந்தோம். இதைப் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்த ஆளை ராத்திரி ஷிஃப்டில் வைத்துவிட்டு, தாள் படிப்பவர்களைப் பகலில் வைத்திருக்கிறார்கள், என்ன கணக்கோ.

குரலைப் பூட்டுவது பற்றிச் சொல்ல வேண்டும். இதில் பாதிக் கம்பெனிகள் 'எல்லாம் என்கிரிப்டட் சார்' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். இரண்டு விஷயம் தனித்தனி. யார் யாரைக் கூப்பிடுகிறார் என்கிற சிக்னலைப் பூட்டுவது டிஎல்எஸ், 5061 போர்ட்டில் ஓடும். பேச்சைப் பூட்டுவது எஸ்ஆர்டிபி, 2004-இல் வந்தது. பேச்சைப் பூட்டும் சாவி பெரும்பாலான ட்ரங்குகளில் சிக்னலுக்குள்ளேயே எழுத்தாகப் போகிறது, அதனால் எஸ்ஆர்டிபி மட்டும் போட்டு டிஎல்எஸ் போடாவிட்டால் வீட்டைப் பூட்டிச் சாவியைத் திண்ணையிலேயே வைத்துவிட்டுப் போன மாதிரிதான். முதல் கம்பெனியில் இரண்டுமே கிடையாது. இவர்களிடம் இரண்டும் உண்டு, ஆனால் கேட்டால்தான் தருவார்கள், அதற்குத் தனிக் கட்டணம். அதற்கு அரை மார்க் வெட்டினேன்.

இது எதற்கு வெட்டிச் செலவு என்று முதலாளி கேட்டபோது வாயால் விளக்காமல் செய்து காட்டினேன். அவர் அனுமதியோடு, ஸ்விட்சில் ஒரு போர்ட்டை மிரர் செய்து, அதாவது அதில் ஓடுவதற்கு நகல் எடுத்து, வயர்ஷார்க் என்ற டூலில் ஐந்து நிமிடம் பிடித்து, பிளே பட்டனை அழுத்தினேன். அக்கவுண்ட்ஸ் அண்ணனின் குரல் கணீரென்று வந்தது: 'மதியத்துக்கு ரெண்டு புரோட்டா, ஒரு கலக்கி. சால்னா தனியா கட்டச் சொல்லுங்க.' முதலாளி சிரித்துவிட்டு உடனே சிரிப்பை நிறுத்தினார், அன்று காலையில்தான் அதே லைனில் ஒரு டெண்டர் விலை பேசியிருந்தார். கையெழுத்துப் போட்டுவிட்டார். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும், இந்தப் பூட்டு எங்கள் ஃபோனிலிருந்து அவர்கள் எஸ்பிசி வரைக்கும்தான். அதற்கப்புறம் அவர்கள் பிரித்து அடுத்த நெட்வொர்க்குக்குக் கொடுக்கிறார்கள், உடுமலைக்காரரின் மொபைல் வரைக்கும் எங்கள் பூட்டு போகாது. இதை அந்த ராத்திரி ஆள்தான் நேர்மையாகச் சொன்னார், சேல்ஸ் ஆள் சொல்லவில்லை.

நம்பர் மாற்றி அனுப்புவதையும் சோதித்தேன். வெளியே போகும் அழைப்பில், எங்களுடையது அல்லாத ஒரு நம்பரைப் போட்டு, என் மொபைலுக்கே அழைத்தேன். மொபைலில் தெரிந்தது எங்கள் 0422 மெயின் நம்பர்தான். எஸ்பிசி நான் எழுதியதைத் தூக்கிப்போட்டுவிட்டு உண்மையானதை எழுதியிருக்கிறது. சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் ஆபீசர் குரலில் பேசி மிரட்டுகிற மோசடி அழைப்புகளில் பல இந்த ஓட்டை வழியாகவும் வருகின்றன. வெளிநாட்டிலிருந்து +91 நம்பர் மாதிரி வேஷம் போட்டு வரும் அழைப்புகளைத் தடுக்க 2024 அக்டோபரில் தொலைத்தொடர்புத் துறை ஒரு மைய ஏற்பாட்டைத் தொடங்கியது, முதல் 24 மணி நேரத்திலேயே 1.35 கோடி அழைப்புகளைப் பிடித்து நிறுத்தியதாக அரசே சொன்னது. அமெரிக்காவில் வேறு வழி: அழைப்பை அனுப்பும் கம்பெனி, இந்த நம்பர் இவருடையதுதான் என்று டிஜிட்டல் கையெழுத்துப் போட வேண்டும், அது எவ்வளவு உறுதி என்பதற்கு ஏ, பி, சி என்று மூன்று தரம், பெரிய கம்பெனிகளுக்கு 2021 ஜூன் 30 முதல் கட்டாயம்.

குரல் தரம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறது. ஜி.711 என்ற குரல் முறையில் ஒரு அழைப்புக்கு ஒரு பக்கம் வினாடிக்குச் சுமார் 87 கிலோபிட், முப்பதும் ஓடினால் 2.6 மெகாபிட். நூறு எம்பி லைன் இருக்கும்போது இது எம்மாத்திரம் என்று நினைத்துத்தான் முன்பு ஏமாந்தேன், சாயந்திரம் ஆறு மணிக்கு சிசிடிவி பேக்கப் மேலே ஏறத் தொடங்கியதும் பேச்சு துண்டு துண்டாக வரும். இவர்கள் குரலுக்குத் தனி விலேன் (VLAN, ஒரே நெட்வொர்க்குக்குள் பிரித்த தனித் தடம்) போட்டு, குரல் தாக்கல்களுக்கு 46 என்று முன்னுரிமை முத்திரை குத்திக் கொடுத்தார்கள், பிரச்சினை போயிற்று.

போன ஐப்பசியில் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிய ஜேசிபி, ட்ரங்க் வரும் எங்கள் தனி ஃபைபரை அறுத்துவிட்டது. நான் டீக்கடையில் இருந்தேன். ஆபீசிலிருந்து பதறிக் கூப்பிடுவார்கள் என்று பார்த்தால் யாரும் கூப்பிடவில்லை. திரும்பி வந்தால் நான்கு பேர் மொபைலில் வாடிக்கையாளர்களோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் எஸ்பிசி அரை நிமிடத்துக்கு ஒரு தடவை எங்கள் பெட்டியை 'இருக்கிறாயா?' என்று கேட்டுக்கொண்டே இருக்கும், பதில் வரவில்லை என்றதும் லைன் செத்துவிட்டது என்று முடிவுகட்டி, முன்பே எழுதிக் கொடுத்த நான்கு மொபைல் நம்பர்களுக்கு அழைப்புகளைத் திருப்பிவிட்டது. பிஆர்ஐ காலத்தில் இதுவே நடந்திருந்தால் அன்று முழுக்க எங்கேஜ் டோன்தான்.

இன்னொரு காரணத்துக்காகவும் இந்தத் தனி ஃபைபர் ஏற்பாடு பிடித்திருக்கிறது. 2021 செப்டம்பரில் கனடாவில் வாயிப்.எம்எஸ் என்ற கம்பெனியைப் பணம் கேட்டு மிரட்டி, போலி டிராஃபிக்கைக் கொட்டி முடக்கினார்கள், ஒரு வாரத்துக்கு மேல் அதன் வாடிக்கையாளர்கள் ஃபோன் இல்லாமல் தவித்தார்கள். பொது இன்டர்நெட்டில் நிற்கும் எந்தச் சேவைக்கும் அந்த ஆபத்து உண்டு. எங்கள் ட்ரங்க் இன்டர்நெட்டைத் தொடாமல் வருகிறது. இதனாலேயே மாதம் நாலாயிரம் கூடுதல், பரவாயில்லை.

குறை இல்லாமல் இல்லை. போர்ட்டல் கொடுமை. அழைப்புக் கணக்கை ஆயிரம் வரிக்கு மேல் இறக்க முடியாது, பாதியில் லாக்அவுட் ஆகும். மறுபடி உள்ளே போக ஓடிபி முதலாளி மொபைலுக்குப் போகும், அவர் மீட்டிங்கில் இருப்பார். பன்னிரண்டு மாதம் கட்டிப்போட்டுவிடுகிறார்கள். புகாருக்கு ஆங்கிலத்தில் ஒரே மாதிரி நான்கு வரிப் பதில்.

அப்புறம் ஐவிஆர், அதாவது 'இதற்கு இந்த எண்ணை அழுத்துங்கள்' என்று சொல்லும் பதிவுக் குரல். சர்வீஸுக்கு 1, ஸ்பேர் பார்ட்ஸுக்கு 2, டீலர்களுக்கு 3, நேராகப் பேச 11 என்று வைத்திருக்கிறோம். ஒன்றை ஒரு தடவை அழுத்தினால் சில அழைப்புகளில் இரண்டு தடவை பதிவாகிறது, எண்ணைத் தனித் தாக்கலாகவும் சத்தமாகவும் இரண்டு வழியிலும் அனுப்புகிறார்கள் என்பது என் கணிப்பு. மோட்டார் புகாருக்காக 1 அழுத்துகிற விவசாயி எல்லாம் 11-க்குப் போய்விடுகிறார்கள். 11 என்பது முதலாளி ரூம். டிக்கெட் போட்டு இன்றோடு பதினெட்டு நாள். நேற்று எட்டிப் பார்த்தேன், 'ஸ்டார்ட்டரை ஆஃப் பண்ணிட்டு ஃபுட்வால்வைப் பாருங்கண்ணா' என்று யாருக்கோ அவரே சொல்லிக்கொண்டிருந்தார்.